செத்த பல்லின் நிறம்

பல்லக்காவின் படம் அவள் வீட்டில் அச்சானதே இல்லை, எங்கோ ஒரு பெரிய ஸ்டூடியோவில் கொடுத்து வாங்கிவந்து தன் பெயரைப் போட்டுக்கொண்டாள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. அது பல்லக்காவின் காதுக்கு வந்து சேர்வதற்குள் வாய் மாறி வாய் மாறி நன்றாகவே தேறிவிட்டது. ஃபிரேம் கடைக்காரர் தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் சொல்லியிருக்கிறாள். அங்கே பக்கத்து நாற்காலியில், தலையில் ஈரத் துண்டோடு, கண்ணை மூடிக் காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பல்லக்காவின் நாத்தனார்.

முடி காயக்கூட இல்லை. நேராக இங்கே வந்துவிட்டாள்.

“அண்ணி, கோவிச்சுக்கக் கூடாது. காதுல விழுந்ததைத்தான் சொல்றேன்.”

“நீ இப்படி ஆரம்பிச்சாலே எனக்குப் பாதிக் கோபம் வந்துடும். மீதியைச் சொல்லி முடி.”

அவள் சொல்லி முடித்தாள். ஜன்னலோரம் நின்று ஓட்டை போட்ட சாம்பல் நிற அட்டை ஒன்றை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த பல்லக்கா, அட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“எந்தப் படத்தைச் சொல்றாங்க?”

“வேற எது? எங்க அண்ணன் ஓட்டைப் பல்லைக் காட்டிக்கிட்டு வேன்ல சாஞ்சு சிரிக்குமே, அதான். ‘இவ்வளவு சுத்தமான கறுப்பு வெள்ளை வீட்டுப் பிரிண்டர்ல எப்படிங்க வரும்’னு கேக்கறா அந்தம்மா. நான் சும்மா விடலை அண்ணி. ‘எங்க அண்ணியோடது பல்லுக்குக் கலர் பாக்கற கண்ணு, உங்களோடது மாதிரி நெயில் பாலிஷுக்குக் கலர் பாக்கறது இல்ல’ன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டுத்தான் எழுந்து வந்தேன்.”

“துண்டோடயா?”

“துண்டு அவங்களோடது. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்.”

வெறும் பேச்சாக இருந்தால் பல்லக்கா சிரித்துவிட்டு விட்டிருப்பாள். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவள் சேர்ந்திருக்கும் புகைப்படச் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை நூலகக் கூடத்தில் படங்களை மாட்டி வைக்கும். படம் எடுத்த கையும் அச்சிட்ட கையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர்களுடைய கறாரான விதி. மற்றதிலெல்லாம் விட்டுக்கொடுப்பார்கள், இதில் மாட்டார்கள். இந்த வருடம் வாசலுக்கு நேர் எதிர்ச் சுவர், உள்ளே வருகிறவர் கண் முதலில் போய் விழுகிற சுவர், பல்லக்காவின் படத்துக்கு என்று முடிவாகியிருந்தது. நாளைக் காலையில் மாட்டுகிறார்கள். ஸ்டூடியோவில் போட்டது என்று ஆகிவிட்டால் படம் சுவரேறாது. அது போனால் போகட்டும். இத்தனை காலம் அவள் பட்ட பாடெல்லாம் முகம் தெரியாத ஒரு ஸ்டூடியோக்காரனின் பாடாக ஆகிவிடும். அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

பல்லக்கா என்ற பெயர் வேலையால் வந்தது. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செய்கிற கூடம் ஒன்றில் அவள் வேலை. மாடிப்படி ஏறும்போதே பிளாஸ்டர் மாவின் வாசனை வரும். உள்ளே ஒரு நீள மேசை, ஒவ்வொருவர் தலைக்கு மேலும் கழுத்து வளைந்த விளக்கு, மூலையில் பானை அளவுக்கு ஓர் உலை. பீங்கான் மாவைச் சொட்டுத் தண்ணீரில் குழைத்து, தூரிகை நுனியால் படலம் படலமாக வைத்து, உலையில் சுட்டு எடுத்து, பக்கத்துப் பல்லோடு பிறந்த பல் போல ஒரு பல்லை உண்டாக்குவது அவள் பங்கு. வருகிற போகிற டாக்டர்கள் எல்லோரும் அக்கா, அக்கா என்று கூப்பிட, எந்த அக்கா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லப்போய், பல்லக்கா ஆகிவிட்டாள்.

“என் வேலையில ஒரு பெரிய கஷ்டம், ஒழுங்கா செஞ்சா யாருக்கும் தெரியாது” என்று சொல்லிக்கொள்வாள். சொல்லும்போது முகத்தில் கஷ்டம் எதுவும் இருக்காது.

பல் வெள்ளை என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் கண்ணுக்குப் பல்லில் மஞ்சள் உண்டு, காவி உண்டு, நுனியில் ஒரு நீலம் உண்டு, ஈறை ஒட்டி ஒரு வெதுவெதுப்பு உண்டு. அதைப் பார்ப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தாள். ஆளை ஜன்னல் பக்கம் உட்கார வைப்பாள். உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொல்வாள். கண்ணைப் பறிக்கிற சட்டை போட்டிருந்தால் கழுத்துவரை ஒரு துணியைப் போர்த்துவாள். பிறகு மாதிரிப் பல்லைப் பக்கத்தில் பிடித்து, கண் சிமிட்டுகிற நேரம் மட்டும் பார்ப்பாள். பார்த்த உடனே தலையைத் திருப்பி மேசைமேல் இருக்கும் சாம்பல் அட்டையில் கண்ணை வைத்து ஆறவிடுவாள். மறுபடி ஒரு சிமிட்டல். “ரொம்ப நேரம் பாத்தா பல்லு நம்மகிட்ட பொய் சொல்ல ஆரம்பிச்சுடும்” என்பது அவள் கட்சி.

ஊருக்கெல்லாம் பல் செய்கிறவளின் கணவருக்கு முன்பல்லில் ஒன்று கிடையாது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஒருநாள் வேன் கதவு திரும்பி வந்து மோதியதில் போனது. செய்து தருகிறேன் என்று அவள் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். மனுஷர் மசியவில்லை. பால்பல் விழுந்து அழுதுகொண்டே வேன் ஏறும் பிள்ளைகளிடம், “இங்க பாரு, எனக்கும் விழுந்துடுச்சு, நான் அழறேனா” என்று வாயைத் திறந்து காட்டினால் அழுகை நின்றுவிடுகிறதாம். “நீ பல்லு வெச்சுட்டா வேனுக்குள்ள ஒரே ஒப்பாரிதான். யாரு சமாளிக்கறது?” என்று முடித்துவிட்டார்.

அவளுக்குப் படம் எடுக்கும் ஆசை எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. கறுப்பு வெள்ளைதான் வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. நாள் முழுக்க நிறத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள், வீட்டிலாவது நிறம் இல்லாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று நினைத்தாள். கூடத்தில் புதுப் பிரிண்டர் வந்தபோது பழையதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள். மேசைமேல் வைக்கிற சாதாரணப் பிரிண்டர்தான். ஆனால் கறுப்பு மையோடு தனியாக ஒரு சாம்பல் மையும் போடும் வகை.

நிறத்திடமிருந்து தப்பித்தோம் என்று நினைத்தவள் நேராக நிறத்தின் வாயிலேயே போய் விழுந்தாள். கறுப்பு வெள்ளைப் படம் என்று கொடுத்தாலும் பிரிண்டர் எல்லா மையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுக் கலந்துதான் சாம்பலைத் தயாரிக்கிறது. முதல் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் பாசி பிடித்த மாதிரி பச்சை அடித்தது. டியூப்லைட்டின் கீழே கொண்டுவந்தால் அதே படம் ரோஜா நிறத்துக்கு வெட்கப்பட்டது. கறுப்பு மை ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தாள். நிறம் போய்விட்டது, ஆனால் கன்னத்தில் மிளகுத்தூள் தூவிய மாதிரி புள்ளி புள்ளியாக நின்றது. பளபளவென்ற தாளை மாற்றி, அதிக வெளுப்பு ஏற்றாத பருத்தித் தாள் வாங்கினாள். அச்சாகி வந்த சூட்டோடு முடிவு சொல்லக் கூடாது, மை உலர உலர நிறம் நகரும், ஒரு நாளாவது விட வேண்டும் என்று கண்டுகொண்டாள். அதிலிருந்து, பிரிண்டரிலிருந்து எட்டிப் பார்க்கும் படத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவளிடமிருந்து ஒரே பதில்தான் வரும். “காயட்டும்.”

“சோறு ரெடியான்னு கேட்டாக்கூட காயட்டும்ங்கறா” என்று கணவர் வேன் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

கடைசியில் பிரிண்டருக்குள்ளேயே கறுப்பு வெள்ளைக்கென்று ஓர் அமைப்பு இருப்பதைப் பிடித்தாள். அதில் கறுப்பும் சாம்பலும்தான் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன, மற்ற மைகள் ஒத்தாசைக்கு மட்டும். கூடவே திரையில் ஒரு சின்னத் தள்ளுபட்டை. இந்தப் பக்கம் தள்ளினால் படம் குளிரும், அந்தப் பக்கம் தள்ளினால் வெதுவெதுப்பாகும். பல்லக்கா ஒவ்வொரு முறையும் அதை ஒரு துளி வெதுவெதுப்பின் பக்கம் தள்ளினாள். தள்ளிய பிறகுதான் படம் அவள் கண்ணுக்கு நிறமற்றதாகத் தெரிந்தது. அந்தப் படங்களை ஒவ்வொன்றாகக் கணவர் வேனில் எடுத்துப்போய் ஃபிரேம் கடையில் கொடுத்து வருவார். ஆரம்பத்தில் அவர் போய்வந்த முகம் ஒரு மாதிரி இருக்கும். என்ன ஆயிற்று என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, நல்லா இருக்குன்னாங்க” என்பார்.

அவள் தப்பைக் காட்டிக்கொடுத்தது ஒரு பல்.

ஒருவருக்குப் பல் உடைந்துவிட்டது. அதற்குப் பக்கத்துப் பல்லோ எப்போதோ உயிர் போய்ச் சாம்பல் பூத்தது. டாக்டர் இரண்டையும் சரிசெய்துவிடலாம் என்கிறார், ஆள் ஒத்துக்கொள்ளவில்லை. “அது எனக்குப் பழகின பல்லு. புதுசா வெக்கறதையும் அதே மாதிரி வெச்சுடுங்க, ரெண்டும் ஜோடியா இருக்கட்டும்” என்றாராம். அந்த வேலை பல்லக்காவிடம் வந்தது. செய்து அனுப்பினாள். டாக்டர் போனில் கூப்பிட்டார்.

“அக்கா, பல்லு ரொம்ப அழகா இருக்கு. ஆனா பொருந்தல.”

“நான் செஞ்சது எப்படி டாக்டர் பொருந்தாம போகும்?”

“நீங்க செஞ்சதுக்கு உயிர் இருக்கு அக்கா. நான் கேட்டது செத்த பல்லு.”

மறுபடி செய்தாள். மறுபடி திரும்பி வந்தது. கூடத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்க்கிற பாவனையில் சிரித்தார்கள். பிளாஸ்டர் கலக்குகிற அம்மாள் மட்டும் வாய்விட்டே கேட்டாள்: “என்ன பல்லக்கா, கொல்ல மனசு வரலையா?”

அடுத்த முறை பல்லக்கா பல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். சாம்பல் மாவை எடுத்து வைத்த கை, அவளைக் கேட்காமலேயே நகர்ந்து, தூரிகை நுனியில் ஒரு பொட்டு மஞ்சளைத் தொட்டது. அவள் கண்ணெதிரே, அவள் கை. இத்தனை வருடமாகச் சாம்பல் என்றால் தப்பு, சாம்பல் என்றால் பல் செத்துவிட்டது, திரும்பி வந்துவிடும் என்று பழகிய கை. சாம்பலைக் கண்டால் அது சும்மா இருக்காது. கொஞ்சம் உயிர் ஊற்றிவிடும்.

தூரிகையைக் கீழே வைத்தாள். மனதில் ஓடியது பல் இல்லை. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படங்கள்.

அன்று வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படங்களையெல்லாம் இறக்கி ஜன்னலோரம் பரப்பினாள். பிரிண்டர் அவளுக்குச் சாம்பலைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. செத்துவிட்டதோ என்று பயந்து அதற்கு மஞ்சள் ஊட்டியது அவள்தான். சுவரில் இருந்த முகங்களெல்லாம், சட்டைகளெல்லாம், வானம் முதற்கொண்டு, நல்ல ஆரோக்கியமான பல்லின் நிறத்தில் இருந்தன.

“ஏங்க, இது பழுப்பா இருக்கா?” என்று கணவரைக் கேட்டாள்.

அவர் படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். “இப்பதான் தெரியுதா?” என்று சொல்ல வந்து, “கொஞ்சம்” என்றார்.

அதன் பிறகு அவள் தன் கண்ணை முழுசாக நம்பவில்லை. கூடத்தில் கண்ணை ஆறவிடுவதற்கென்று வைத்திருந்த சாம்பல் அட்டை நினைவுக்கு வந்தது. பச்சையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் நடுவில் நிற்கும்படி செய்த அட்டை. பக்கத்திலேயே இருந்தும் அதை அவள் ஒருநாளும் ஒரு பல்லோடு ஒப்பிட்டதில்லை, சாய்ந்துகொள்கிற தலையணை மாதிரிதான் பார்த்திருந்தாள். அதே போல ஓர் அட்டை வாங்கி நடுவில் ஓர் ஓட்டை போட்டாள். கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிப்படியாகச் சாம்பல் வருகிற ஒரு பட்டையை அச்சிட்டு, காயவிட்டு, அட்டையை அதன் மேல் வைத்து ஓட்டையை நகர்த்திக்கொண்டே போனாள். அட்டை அளவுக்கு அழுத்தமான படிக்கு வரும்போது, சாம்பல் சரியாக இருந்தால் ஓட்டை காணாமல் போக வேண்டும். துளி நிறம் கலந்திருந்தாலும் ஓட்டை நிலவு மாதிரி தெரிந்துவிடும். ஒரு சிமிட்டல், அவ்வளவுதான். திரையில் தள்ளுபட்டையை ஒரு நூல் குளிர்ச்சிக்குத் தள்ளுவாள், அச்சிடுவாள், காயவிடுவாள், சிமிட்டுவாள்.

முதலில் கை மறுத்தது. சரியான சாம்பல் வந்தபோதெல்லாம் அவளுக்கு அது பிணம் மாதிரி இருந்தது. அப்போது கணவரைக் கூப்பிட்டு, அச்சிட்ட பட்டைமேல் வைத்தபடியே அட்டையை நீட்டுவாள்.

“எங்க ஓட்டை இருக்குன்னு சொல்லுங்க.”

“ஓட்டையா? எதுல?”

அந்தப் பதில் வந்த நாளில், ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை கேட்டு, இரண்டிலும் அதே பதில் வந்த பிறகு, அவரைக் கொண்டுபோய் வேன் பக்கத்தில் நிறுத்தினாள். அவர் எதற்கோ சிரித்தார். அந்தப் படம்தான்.

காய்ந்த பிறகு அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வேனின் தகரம் தகரமாக இருந்தது. வெள்ளைச் சட்டை நிறமே இல்லாமல் வெறும் வெளிச்சமாக இருந்தது. சிரிப்பின் நடுவே இருந்த அந்த ஓட்டை நல்ல சுத்தமான கறுப்பு. அதில் பச்சை இல்லை, சிவப்பு இல்லை, பழுப்பு இல்லை. தான் செய்த பற்களில் ஒன்றைக்கூட இது என்னுடையது என்று யாரிடமும் அவள் காட்ட முடிந்ததில்லை. இது அப்படி இல்லை. கட்டில் மேல் சாய்த்து வைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கப் போய், பாதியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி பார்த்தாள். கணவர் வேன் ஓட்டத்துக்கு நடுவே வந்து, “என்னைப் பாக்கறியா, அந்தச் சாம்பலைப் பாக்கறியா?” என்று கேட்டார். “உங்களை தினம் பாக்கறேனே” என்றாள்.

அந்தப் படத்தைத்தான் இப்போது ஸ்டூடியோவில் போட்டது என்கிறார்கள்.

நாத்தனாருக்கு டீயைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, பல்லக்கா நேராக மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்கார அம்மாள்தான் புகைப்படச் சங்கத்தின் செயலாளர். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டே பேசுவார், ஆனால் இரண்டிலும் தப்பு வராது.

“நீங்களே வருவீங்கன்னு நெனச்சேன்” என்றார் அவர். “பேச்சு என் காதுக்கும் வந்துச்சு. பேச்சுக்கெல்லாம் நான் படத்தை இறக்க மாட்டேன் பல்லக்கா. ஆனா ஃபிரேம் கடைக்காரரை நேர்லயே கேட்டுட்டேன். இத யாரு சொன்னதுன்னு தெரியுமா உங்களுக்கு?”

“யாரு?”

“உங்க வீட்டுக்காரர்தான்.”

பல்லக்கா கண்ணாடி மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“அவரே வாயால சொன்னாராம், ஸ்டூடியோல குடுத்து வாங்கறதுன்னு. ஒரு தடவைக்கு ரெண்டு தடவையாம்.”

“நான் வீட்டுல போட்டேன். நீங்க வாங்க, உங்க கண்ணு முன்னாடி இன்னொண்ணு போட்டுக் காட்டறேன்.”

“வர்றேன், எனக்கும் பாக்க ஆசைதான். ஆனா இன்னைக்கு அது போதாது. நாளைக்கு யாராவது, அவ புருஷனே சொன்னானேன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்ல? அவர் சொன்னதை அவர்தான் திருப்பி வாங்கணும். கடை மூடறதுக்குள்ள அவரை ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும். காலையில முதல் ஆணி உங்க படத்துக்குத்தான்.” பிறகு, பொட்டலத்தை ஒருவருக்கு நீட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எனக்கும் அந்தச் சுவர்ல வேற படம் மாட்ட மனசில்ல.”

வீடு திரும்பும் வழியில் பல்லக்காவுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. புரியாமல் இருந்தது. காயட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

கணவர் சந்தில் வேனை நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார். நாத்தனார் டீ டம்ளரோடு வாசற்படியில் உட்கார்ந்து, எந்த இடத்தில் அழுக்கு போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஃபிரேம் கடையில என்ன சொன்னீங்க?” என்றாள் பல்லக்கா.

“எப்போ?”

“எப்போன்னு கேக்கறதுலயே தெரியுது, நிறைய சொல்லியிருக்கீங்கன்னு.”

அவர் துணியை வாளியில் போட்டார். தங்கையைப் பார்த்தார். தங்கை டம்ளருக்குள் பார்த்தாள்.

“ஆரம்பத்துல ஒரு படம் குடுத்தியே, நூலகப் படிக்கட்டு. அதை எடுத்துட்டுப் போனேன். அந்த ஆளு கையில வாங்கினதும், ‘என்னங்க, மேல டீ கொட்டிடுச்சா’ன்னான். கடையில நாலு பேர் நின்னாங்க, எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு உள்ள ஏதோ மாதிரி ஆயிடுச்சு. நீ அதுக்குப் பட்ட பாட்டை நான் பாத்துட்டு வந்திருக்கேன். சட்டுன்னு, ‘இது அவ போட்டதில்லைங்க, பெரிய ஸ்டூடியோல குடுத்தோம், அவங்க கெடுத்துட்டாங்க’ன்னு வாய்ல வந்துடுச்சு.”

“சரி. அப்புறம் நல்ல படம் எடுத்துட்டுப் போனீங்களே. அப்போ சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவன், ‘பரவால்லையே, ஸ்டூடியோவ மாத்திட்டீங்க போல’ன்னான். என்ன பண்ணச் சொல்றே? இல்லைன்னா முதல்ல சொன்னது பொய்னு ஆயிடும். தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.”

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. “ஏண்ணா, அப்போ இந்த வதந்திக்காக நான் துண்டோட சண்டை போட்டுட்டு வந்தது உன்னோடயா?”

“உன்னை யாரு போடச் சொன்னது?”

பல்லக்கா இருவரையும் பேச விட்டுவிட்டு வேனில் சாய்ந்து நின்றாள். படத்தில் அவர் சாய்ந்திருந்த அதே இடம். தகரம் ஈரமாக இருந்தது. நான்கு பேர் சிரித்ததை இந்த மனுஷர் இத்தனை நாளாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்திருக்கிறார். போய்வந்த ஒவ்வொரு முறையும் நல்லா இருக்குன்னாங்க என்றிருக்கிறார்.

“எனக்காகச் சொன்னீங்க, புரியுது” என்றாள். “ஆனா ஒண்ணு கேளுங்க. கெட்டது வந்தப்போ அது என்னுது இல்லன்னு சொன்னீங்க. இப்போ நல்லது வந்தப்போ அதுவும் என்னுது இல்லாம போச்சு.”

“நான் போய் நல்லது உன்னுதுன்னு சொல்லிடறேன்.”

“அப்படிச் சொன்னா மறுபடியும் பாதிதான் சொன்ன மாதிரி. அந்த டீக்கறைப் படம் என்னுது. பாசி பிடிச்சது என்னுது. கன்னத்துல மிளகுத்தூள் தூவினதும் என்னுது. அதெல்லாம் நான் போடலைன்னா இதை எந்தக் கை போட்டுச்சு? ஒண்ணைக்கூட நான் ஸ்டூடியோக்காரனுக்கு விட்டுத் தர மாட்டேன். மருந்துக் கடை அம்மா உங்க வாயால கேக்கணும்ங்கறாங்க, கடை மூடறதுக்குள்ள போன் பண்ணுங்க. எல்லாம் என் பொண்டாட்டி போட்டதுன்னு சொல்லுங்க. வரிசையா சொல்லுங்க. டீக்கறை முதல்ல.”

“அவங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்னுதானே சொல்லியிருப்பாங்க?”

“அவங்களுக்குப் போதும்.”

கணவர் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு வேனுக்குள்ளிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேடினார். தேடுகிற நேரத்துக்குள் ஒருமுறை தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“சொல்றதுக்குள்ள இன்னொரு பல்லு விழுந்துடப் போகுது அண்ணா” என்றாள் நாத்தனார்.

“நீ சும்மா இரு. எனக்கு ஏற்கெனவே படபடப்பா இருக்கு.”

“தப்பா சொன்னப்போ வராத படபடப்பு.”

அவர் போனைக் காதில் வைத்தார். மருந்துக் கடை எண்ணில் மணி அடிப்பது சந்து நிசப்தத்தில் போனுக்கு வெளியே வரைக்கும் கேட்டது. அலுவலகம் விட்டு வருகிறவர்கள் கடையில் மொய்க்கிற நேரம்.

பல்லக்கா உள்ளே போய், நேற்று அச்சிட்டுக் காயவைத்திருந்த பட்டையையும் ஓட்டை போட்ட அட்டையையும் எடுத்து வந்தாள். சந்துக்குள் இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. வேனின் முன் மூடியை ஈரம் போகத் துடைத்துப் பட்டையை அங்கே வைத்து, அட்டையை அதன் மேல் நகர்த்தி, கண்ணைத் திருப்பி, ஆறவிட்டு, ஒரு சிமிட்டல் பார்த்தாள். ஓட்டை இல்லை.

“எடுக்கல” என்றார் கணவர்.

“கூட்டமா இருக்கும். வெச்சுடாதீங்க.”

அவர் வைக்கவில்லை. பல்லக்கா பட்டையோடு சேர்த்து அட்டையை நாத்தனாரிடம் நீட்டினாள். “இதுல ஓட்டை எங்க இருக்குன்னு சொல்லு பாக்கலாம்.”

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அண்ணியின் முகத்தை ஒருமுறை, அட்டையை ஒருமுறை பார்த்தாள். “எது அண்ணி, ஓட்டையா? இதுல ஏது ஓட்டை?”

பல்லக்காவின் முகம் மலர்ந்தது. கணவர் ஒரு காதில் போனோடு இந்தப் பக்கம் திரும்பி அதைப் பார்த்தார். பல் இல்லாத இடம் தெரிய அவரும் சிரித்துவிட்டு, மறுபடி அந்தப் பக்கம் திரும்பி, யாரும் எடுக்காத போனில் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ஒத்திகை பார்த்தார். அம்மா, நான் பல்லக்கா வீட்டுக்காரர் பேசறேன். டீக்கறைப் படம் ஒண்ணு இருந்துச்சே, அது என் பொண்டாட்டி போட்டது.

மணி அடித்துக்கொண்டிருந்தது.